ஒரு படித் தவிடு

ஜூலை 8, திங்கள்

எட்டாம் வகுப்பில் இன்று, 1876-ல் வந்த தாது வருஷப் பஞ்சத்தைத் தொடங்கினேன். பாடப்புத்தகத்தில் அதற்கு நாலரை வரி. நாலு வரிக்குள் லட்சக்கணக்கான பேர் செத்துப்போகிறார்கள், மீதி அரை வரியில் ரயில் பாதை வந்துவிடுகிறது. "இது பரீட்சைக்கு வருமா டீச்சர்?" என்றான் சுதர்சன். வராது என்றதும் வகுப்பே நிம்மதியாகக் காலை நீட்டி உட்கார்ந்தது.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி பள்ளியில் வரலாற்றுக் கண்காட்சி. போன வருஷத்துத் தெர்மாகோல் கோபுரம் ஸ்டோர் ரூமில் இருக்கிறது, பெயின்ட் அடித்தால் போதும் என்றார் ஹெச்.எம். நான் பஞ்சத்தை வைக்கப்போகிறேன் என்றேன். "நல்ல விஷயமா எதுனா வைக்கலாமே மேடம்" என்றார். வைக்கமாட்டேன் என்று முடிவு செய்தது அந்த நிமிஷத்தில்தான்.

மாலையில் வேலூரிலிருந்து அக்கா பேசினாள். வைகாசியில் கல்யாணமான அவள் மகள் அபிநயா ஆடிக்குத் தாய்வீடு வருகிறாள். ஆவணி பிறந்த மறுநாள் மாப்பிள்ளையோடு ஜெர்மனிக்கு விமானம். அதற்குள் ஒரே ஒரு வேளை ஆரணிக்கு வந்து என் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று கேட்டேன்.

"பாக்கலாம் குணா" என்றாள்.

அக்காவின் 'பாக்கலாம்' எனக்கு இருபத்தாறு வருஷப் பழக்கம்.

ஜூலை 10, புதன்

ஆவணக் காப்பகத்தில் வேலை பார்க்கும் என் பி.எட். தோழி தபாலில் ஒரு நகல் அனுப்பியிருக்கிறாள். பஞ்சத்தைப் பற்றிய பழைய கும்மி. அட்டை இல்லை, எழுதியவர் பெயர் இல்லை, கடைசித் தாளும் இல்லை. கரையான் படித்து முடித்த மிச்சம் நமக்கு.

மோகனப்பிரியா எழுந்து படித்தாள். இந்த வகுப்பில் சந்தி பிரித்துப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். இரண்டாவது பக்கத்தில் வகுப்பின் பெண்பிள்ளைகள் கை தட்ட ஆரம்பித்தார்கள், தடுக்கவில்லை. கும்மி என்றால் கை தட்டத்தான் தட்டும்.

*தாது வருஷத்துப் பஞ்சத்திலே - ஒரு*
*தாயவள் செய்ததைக் கேளுங்கடி*
*பாதி உயிருள்ள பிள்ளையைத்தான் - ஒரு*
*படித் தவிட்டுக்குக் கொடுத்தாளடி*

இந்த இடத்தில் மணி அடித்துவிட்டது. நல்லவேளை.

ஜூலை 12, வெள்ளி

வீட்டில் சோற்றைப் பற்றி என்னென்ன பேச்சு, என்னென்ன பழக்கம் உண்டு என்று கேட்டு எழுதிவரச் சொல்லியிருந்தேன். பஞ்சத்தைப் பார்த்தவர் யாரும் உயிரோடு இல்லை, பழக்கத்திலாவது ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்குமா என்று பார்க்கத்தான். ராத்திரி சோற்றுப் பானையைக் கழுவிக் கவிழ்க்கக் கூடாது, ஒரு பிடியாவது இருக்கவேண்டும் என்று ஆறு பேர் எழுதியிருந்தார்கள். அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்லாமல் 'நிறைந்துவிட்டது' என்று சொல்லும் வீடு இரண்டு. எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

அப்போது சுதர்சன் எழுந்தான். "எங்க அத்த என்னைத் தவிட்டுக்கு வாங்கினதுன்னு சொல்லும் டீச்சர். அதான் மாடு மாதிரி கீறேனாம்."

வகுப்பு குலுங்கிச் சிரித்தது. "என்னையும் சொல்வாங்க டீச்சர்", "என்னையும் டீச்சர்" என்று பத்துப் பதினைந்து கைகள். எந்த வீட்டில்தான் பிள்ளையை இப்படிச் சீண்டமாட்டார்கள்? அழவைத்துவிட்டு, அப்புறம் மடியில் போட்டுக் கொஞ்சுவார்கள்.

"வெளிய போடா" என்றேன். சுதர்சன் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே நின்றான். மேசையில் ஓங்கித் தட்டினேன். போனான்.

வெயில் அதிகம். தலைவலி. மாத்திரை போட்டுக்கொண்டேன்.

ஜூலை 15, திங்கள்

சுதர்சனைக் கூப்பிட்டு, தப்பு என் பேரில்தான் என்றேன். "பரவால்ல டீச்சர், வெளிய காத்து நல்லா வந்துது" என்றான். இந்த மாதிரிப் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்பது சுலபம்.

தவிட்டுக்கு வாங்குவது என்றால் என்ன என்று ஒழுங்காகவே விளக்கினேன். பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்த பிள்ளையைப் பக்கத்து வீட்டாருக்கு ஒரு படித் தவிட்டுக்கு விற்பதுபோல விற்றுத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள், மலிவான சரக்கு என்று எமன் விட்டுவிடுவான் என்ற நம்பிக்கை. சொந்தத்துக்குள் பிள்ளையைத் தத்துக் கொடுத்தாலும் சில குடும்பங்களில் தவிடு அளந்து வாங்குவார்கள். பெற்றவளுக்கு அதோடு உரிமை முடிந்தது.

"அப்ப குடுத்தவங்க திரும்பிக் கேக்க முடியாதா டீச்சர்?" என்றாள் மோகனப்பிரியா.

"முடியாது."

"யார் சொன்னது?"

"வழக்கம்மா."

அவள் நோட்டில் 'யார் சொன்னது?' என்று எழுதி அடிக்கோடு போட்டாள். ஆராய்ச்சி செய்யச் சொல்லிக் கொடுத்தது நான்தான், யாரை நோவது?

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்தது. அபிநயா தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். வேலூருக்கு.

ஜூலை 21, ஞாயிறு

இன்று வருவதாக இருந்தது. ஆறு மணிக்கே எழுந்து வாழைப்பூ ஆய்ந்தேன். மொச்சைக் குழம்பு, கத்தரிக்காய் பொரியல், பாயசம். அவளுக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. அக்காவைக் கேட்டால் சொல்வாள். கேட்கமாட்டேன். அதனால் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம்.

பத்து மணிக்குப் போன். மாப்பிள்ளையின் அத்தை வீட்டில் விருந்தாம், தட்ட முடியவில்லையாம். சமைத்ததை எதிர்வீட்டில் கொடுத்தேன். "டீச்சர் வீட்ல இன்னா விசேஷம்?" என்றார்கள். சும்மாதான் என்றேன்.

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யார் படிக்கப்போகிறார்கள்? அவர் போய் நாலு வருஷம் ஆகிறது, பையன் ஓசூரில்.

அபிநயா நான் பெற்றவள். என் இரண்டாவது பிள்ளை.

அக்காவுக்கு மூன்றும் வயிற்றிலேயே போயின. மூன்றாவது போனபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள் சாப்பிடவே இல்லை. கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினால் கடைவாயில் வழியும். நான் அப்போது ஐந்து மாதம். 'இது பொட்டப்பிள்ளையா பொறந்தா உனக்குத்தான்க்கா' என்று சொன்னேன். யாரும் என்னைச் சொல்லவைக்கவில்லை, அவள் வாயைத் திறந்து சாப்பிட்டால் போதும் என்று நானே சொன்னது. அக்கா திரும்பி என்னைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

தொண்ணூறாம் நாள் கொடுத்தேன். அக்கா வீட்டு மாமா பித்தளைப் படியில் தவிடு கொண்டுவந்தார். அபிக்கு எந்தக் காலத்திலும் தெரியக் கூடாது என்று அக்கா என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினாள். அன்றிலிருந்து நான் சித்தி. அன்றிலிருந்து அவளை என் வீட்டுக்குத் தனியாக அனுப்பியதே இல்லை. வந்தால் அக்காவோடு வருவாள், ஒரு காபி, கிளம்பிவிடுவார்கள். மோகனப்பிரியா படித்த பஞ்சத்துத் தாய்க்காவது பசி என்று ஒரு காரணம் இருந்தது. எனக்கு அரசாங்க வேலை கிடைத்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

வருத்தப்படுகிறேனா என்றால், கொடுத்ததற்கு இல்லை. அக்கா அவளைத் தரையில் விடாமல் வளர்த்தாள். ஒரு வேளை என் கையால் சாப்பிடவேண்டும், அவ்வளவுதான். ஜெர்மனி எவ்வளவு தூரம் என்று பிள்ளைகளின் அட்லஸில் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தேன். ஸ்கேல் போதவில்லை.

அந்தத் தவிட்டை என்ன செய்தேன் என்பதை மட்டும் எழுதமாட்டேன்.

ஜூலை 24, புதன்

கும்மியில் அந்தத் தாயைப் பற்றி இன்னும் ஒரு பாட்டு இருக்கிறது. இன்று அதையும் படித்தோம்.

*வாங்கின வீட்டிலே கூழிருக்கும் - என்று*
*வந்த வழியே நடந்தாளடி*
*தாங்கின கையிலே பாரமில்லை - அவள்*
*தட்டித் தடுக்கி விழுந்தாளடி*

அதற்கப்புறம் தாள் இல்லை. பிறகு என்ன ஆயிற்று, நீங்களே எழுதுங்கள் என்றேன்.

பெரும்பாலும் சாகடித்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குக் கதையை முடிக்கச் சொன்னால் ஆளை முடித்துவிடுகிறார்கள். சுதர்சன் நாலு வரி எழுதியிருந்தான்: 'மழை பெய்ததும் அம்மா திரும்பி வந்து அந்த வீட்டில் வேலைக்குச் சேர்ந்துகொண்டாள். பிள்ளைக்குத் தினமும் கூழ் ஊற்றினாள். தான்தான் அம்மா என்று சொல்லவில்லை.' இதற்கு எத்தனை மார்க் போடுவது?

மோகனப்பிரியா எழுதவில்லை. "அந்தப் புள்ளைக்குத் தெரியுமா தெரியாதான்னு மொதல்ல தெரியணும் டீச்சர். அது தெரியாம எப்பிடி எழுதறது?" என்றாள்.

ஜூலை 28, ஞாயிறு

இந்த ஞாயிறும் இல்லை. அக்காவுக்கு மூட்டு வலியாம். சாப்பிட வரப்போவது உன் மூட்டு இல்லையே என்று வாய் வரை வந்தது. தைலம் தடவிக்கோ என்றேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

தெரு முனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். தூக்கோடு போனேன். வரிசையில் எனக்கு முன்னால் மோகனப்பிரியா. "டீச்சர், பஞ்சத்துல கஞ்சித்தொட்டி வச்சாங்க இல்ல, அதுலேர்ந்துதான் இது வந்திருக்கும்னு சார்ட்ல எழுதட்டா?" என்றாள்.

"ஆதாரம் இருக்கா?"

"இல்ல. ஆனா அப்பிடி இருந்தா நல்லா இருக்கும்."

"நல்லா இருக்கும்ங்கறதுக்காக எழுதக் கூடாது. கேள்விக்குறி போட்டு எழுது."

கூழில் சின்ன வெங்காயம் தூக்கலாக இருந்தது. நான் மட்டும் குடித்தேன். இன்றைக்கும் யாரும் வரவில்லை என்று தனியாக எழுதவேண்டியதில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

காலையில் ஹெச்.எம். கோபுரத்தைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டார். அதைத் தாண்டித்தான் பஞ்சத்துக்கு வரவேண்டும். பரவாயில்லை, வந்தார்கள். நிவாரண வேலையில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் கொடுத்த அரிசியைத் தட்டில் நிறுத்து வைத்திருந்தோம். கும்மியைப் பெரிய சார்ட்டில் எழுதியிருந்தோம். பக்கத்தில் மோகனப்பிரியாவின் கணக்கெடுப்பு: 'எங்கள் வகுப்பில் தவிட்டுக்கு வாங்கப்பட்டவர்கள். மொத்தம் 23 பேர். ஆம் 17. இல்லை 6. இந்தப் பேச்சு பஞ்சத்திலிருந்து வந்ததா? ஆதாரம் இல்லை.' அதற்குப் பக்கத்தில் பெரிய கேள்விக்குறி. வந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் ஒருவர் தன்னையும் சேர்த்து எழுதச் சொன்னார்.

பதினொரு மணி இருக்கும். அக்காவும் அபியும் உள்ளே வந்தார்கள். ஜெர்மனிக்குக் கொண்டுபோகப் பட்டுப்புடவை எடுக்க ஆரணி வந்தார்களாம், அபி என் பள்ளியைப் பார்க்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாளாம். அந்தச் சார்ட்டைக் கழற்றிவிடலாமா என்று பார்த்தேன். அதற்குள் மோகனப்பிரியா நோட்டோடு அபியின் முன்னால் போய் நின்றுவிட்டாள்.

"அக்கா, உங்க வீட்ல உங்களத் தவிட்டுக்கு வாங்கினதுன்னு சொல்வாங்களா?"

அபி சிரித்தாள். "இல்லம்மா. எங்க வீட்ல யாரும் சொன்னதே இல்ல."

"ஒருவாட்டி கூடவா?"

"ஒருவாட்டி கூட இல்ல."

மோகனப்பிரியா 'இல்லை' பக்கத்தில் ஒரு கோடு போட்டாள். எனக்கு மூச்சு வந்தது. கூடவே எதற்கு என்று தெரியாத ஒரு வலி. இவ்வளவு நன்றாக மறைத்துவிட்டோம் என்றால், நான் எங்கேதான் இருக்கிறேன்?

அக்கா கும்மிச் சார்ட்டின் முன்னால் நின்றாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உதட்டை அசைத்து, இரண்டு பாட்டையும் படித்தாள். தட்டித் தடுக்கி விழுந்தாளடி. கண்ணாடியைக் கழற்றினாள். டீ சொல்லியிருந்தேன், குடிக்கவில்லை. "போலாம் அபி, நேரமாவுது" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே எழுதி வைத்தேன் என்று நினைத்திருப்பாள். நான் அதற்காக எழுதவில்லை அக்கா. அதற்காக இல்லவே இல்லை என்றும் சொல்லமுடியவில்லை.

இனி அனுப்பமாட்டாள்.

ஆகஸ்ட் 10, சனி

சார்ட்டுகளைக் கழற்றிக் கட்டி வைத்தோம். கோபுரம் திரும்பவும் ஸ்டோர் ரூமுக்குப் போனது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பதினோரு மணிக்கு வாசலில் ஆட்டோ சத்தம். நான் பழைய புடவையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அபி இறங்கினாள். பின்னால் அக்கா இறங்குவாள் என்று பார்த்தேன். ஆட்டோ போய்விட்டது.

"அம்மாதான் பஸ் ஏத்திவிட்டாங்க சித்தி. 'போய் குணா வீட்ல ஒரு வேள சாப்பிட்டு வா, நான் வரல'ன்னாங்க. ரெண்டு நாளா சரியாவே பேசல. என்னா சமைச்சிருக்கீங்க?"

விசேஷமாக ஒன்றும் சமைக்கவில்லை. மூன்று வாரம் முன்பு வாழைப்பூவும் பாயசமும் இருந்தன, இன்றைக்கு ரசமும் துவையலும். அவசரமாக அப்பளம் பொரித்தேன். எண்ணெய் தெறித்தது. அவள் அடுப்படியிலேயே தரையில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். சாப்பிடும்போது அவளும் என்னைப்போலவே துவையலைத் தட்டு ஓரத்தில் மூன்று உருண்டையாக உருட்டி வைத்தாள். யார் சொல்லிக் கொடுத்தது?

இரண்டாவது தடவை சோறு போட்டபோது நிமிராமலே சொன்னாள்.

"அந்தப் பொண்ணு கேட்டுச்சே, ஒருவாட்டி கூடவான்னு. எங்க கிளாஸ்ல எல்லாரையும் அவங்கவங்க வீட்ல சொல்வாங்க சித்தி. என்னை மட்டும் சொன்னதில்ல. ஒம்போதாவது படிக்கும்போது, ஒரு கல்யாணத்துல யாரோ ஒரு மாமா என்னைப் பாத்து, 'இவளத் தவிட்டுக்கு'ன்னு விளையாட்டா ஆரம்பிச்சாரு. அம்மா கையில இருந்த சாம்பார் வாளி அப்பிடியே கீழ விழுந்துடுச்சு. பந்தி மொத்தமும் அமைதி. யாரும் திட்டல, யாரும் சிரிக்கல. அன்னிக்கே தெரிஞ்சிடுச்சு."

கரண்டியை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"யாருன்னும் தெரியும். கண்ணாடில பாத்தாலே தெரியுதே." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "அம்மாக்கு மட்டும் தெரிய வேணாம், எனக்குத் தெரியும்னு. தாங்கமாட்டாங்க. நான் உங்கள எப்பவும் போலச் சித்தின்னேதான் கூப்பிடுவேன். கோவமா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவள் என்னை அம்மா என்று கூப்பிட மாட்டாளா என்று இருபத்தாறு வருஷம் ஏங்கியிருக்கிறேன், பொய் சொல்ல மாட்டேன். இன்றைக்கும் ஏங்கினேன். ஆனால் அக்காவுக்காக இவ்வளவு யோசிக்கிற பெண்ணை அக்கா வளர்த்திருக்கிறாள். நான் வளர்த்திருந்தால் இப்படி வளர்த்திருப்பேனா தெரியாது.

"எவ்ளோ தவிடு?" என்றாள் திடீரென்று.

"ஒரு படி."

"தலை தட்டியா?"

"இல்ல. கோபுரமா குவிச்சிருந்துது. மாமா தட்டப் போனாரு. அக்காதான், தட்டாதீங்க, கோபுரமாவே குடுங்கன்னா."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். "அத என்னா பண்ணீங்க? மாட்டுக்கு வச்சிட்டீங்களா?"

அப்போதுதான் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். மாட்டுக்கு வைக்க மனசு வரவில்லை. கொட்டவும் மனசு வரவில்லை. சலித்து, வெல்லம் தட்டிப் போட்டு, அடை தட்டினேன். பால் கட்டி மார் வலிக்க வலிக்க, எட்டு நாள், நான் ஒருத்தியே உட்கார்ந்து அதைத் தின்று தீர்த்தேன். அவருக்குக்கூடக் கொடுக்கவில்லை. அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"தொண்டையில ஒட்டும். ரெண்டாவது நாள்லேருந்து பழகிடுச்சு."

"எனக்கும் நாலு தட்டிக் குடுங்க. விமானத்துல எடுத்துட்டுப் போறேன். சனிக்கிழம நானே வந்து வாங்கிக்கறேன். அம்மா அனுப்புவாங்க."

நாலரை பஸ்ஸுக்குப் போனாள். ஜன்னலில் இருந்து கையாட்டினாள். பஸ் திரும்பும் வரை நின்றேன். பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன்.

வீட்டுக்கு வந்து அக்காவுக்குப் போன் செய்தேன். "சாப்ட்டாளா?" என்றாள். ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள் என்றேன். அக்கா வெகுநேரம் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

பள்ளிக்குப் போகும் வழியில் ரைஸ் மில்லில் இறங்கினேன். பையில் பித்தளைப் படி. வகுப்பில் மோகனப்பிரியாவிடம் ஒன்று சொல்லவேண்டும்: அந்தப் பிள்ளைக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு கதையை எழுதலாம்.

நல்ல சன்னத் தவிடாக ஒரு படி வேண்டும் என்றேன். மூட்டைக் கணக்கில் விற்கிறவர், படியைப் பார்த்துச் சிரித்தார். அள்ளிப் போட்டு, விரலால் தலை தட்டப் போனார். தட்டாதீங்க, கோபுரமாவே இருக்கட்டும் என்றேன்.

"ஒரு படி எந்த மூலைக்கு டீச்சர்? மாட்டுக்கா?" என்றார்.

"இல்ல" என்றேன். "எம் பொண்ணுக்கு."